காலஞ்சென்றவர் பட்டியலில் நவம் மாமா

அம்மா செத்து நாலாம் நாள் காலையில் எனக்கு ஒரு போன் வந்தது.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்கள் அறையில், அம்மாவின் கட்டிலடியில் நின்று அவருடைய உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தவை. ஹீட்டரைப் போட்டால் அந்த ஆஸ்பத்திரி மணம் இன்னும் கூடியது. அதனால் நிப்பாட்டிவிட்டுக் குளிரில் இருந்தேன். தெரியாத நம்பர். யாரோ துக்கம் விசாரிக்க எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“சுகியோ?”

“ஓம்.”

“நான் நவரத்தினத்தின்ர மனிசி. ராணி. லோஸ்டோஃப்டில இருந்து கதைக்கிறன். நீர் காலஞ்சென்றவர் எண்டு போட்டிருக்கிற மனிசன் இஞ்சை எனக்குப் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். அவரிட்டைக் குடுக்கட்டோ?”

நவரத்தினம் என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். நவம் மாமா. நான் ஏழு வயதுப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போனவர். அவரை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவருக்கு ஒரு மனைவி இருந்ததே எனக்குத் தெரியாது.

யாரோ ஈவிரக்கம் இல்லாமல் விளையாடுகிறார்கள் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அப்போது பின்னால் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது.

“வையப்பா போனை. அந்தப் பிள்ளையை விடு.”

அந்த ‘விடு’வில் ஒரு இழுவை இருந்தது. அம்மாவும் அப்படித்தான் இழுப்பார். போன் வைபட்டுவிட்டது. அம்மாவின் பச்சைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.

அறிவித்தல் கொடுத்த விதம்

எங்கள் ஆட்கள் இதை வாசித்தால் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்களில் ஒருவர் செத்தால் முதல் வேலை மரண அறிவித்தல். இணையத்தளத்தில் போடுவார்கள். படம் இருக்கும், கீழே பெயர்களும் தொடர்புக்கு ஒரு போன் நம்பரும் இருக்கும். இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய், இன்னாரின் சகோதரி. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நாட்டைப் போடுவார்கள். கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று. செத்தவர்களின் பெயர்களைத் தனியாகக் ‘காலஞ்சென்ற’ என்று முன்னுக்குப் போடுவார்கள். ஒரு பெயர் விடுபட்டதற்காகப் பத்து வருசம் கதைக்காத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அம்மாவின் அறிவித்தலை நான்தான் கொடுத்தேன். கொடுக்க வேறு யாரும் இல்லை. நான் எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். இதைக்கூடப் போனில் ஒரு விரலால்தான் தட்டுகிறேன். ஆனால் அதற்குப் படிப்பு ஒன்றும் தேவையில்லை. அவர்கள் போனில் கேட்பார்கள், நாங்கள் சொல்ல வேண்டியதுதான்.

“அம்மான்ர சகோதரங்கள் எத்தினை பேர் தங்கச்சி?”

“ஒரு அண்ணன்தான். நவரத்தினம்.”

“இருக்கிறாரோ, காலஞ்சென்றவரோ?”

“காலஞ்சென்றவர்.”

யோசிக்கவே இல்லை. அப்பாவையும் அப்படித்தான் சொன்னேன். அப்பா சண்டையில் போனவர். அம்மப்பாவையும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகப் போக எல்லாரும் காலஞ்சென்றவர்களாகவே வந்தார்கள். கடைசியில் ‘பாசமிகு தாயார்’ என்ற இடத்தில் என் பெயர் மட்டும் தனியாக நின்றது. அதைத்தான் நான் பார்த்து அழுதேன். மேலே இருந்த பெயர்களைத் திரும்ப வாசிக்கவில்லை.

ராணி மாமியின் போனுக்குப் பிறகு இணையத்தளக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“மாத்துறம் தங்கச்சி. இப்ப அவரை எங்கை போடுறது?”

“இப்போதைக்கு எடுத்துவிடுங்கோ” என்றேன். அப்படியாக நவம் மாமா இருக்கிறவர்களிலும் இல்லை, இல்லாதவர்களிலும் இல்லை என்று ஆனார். ஆனால் பழையதை ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிந்திருந்தது.

சடங்கன்று மண்டபத்தில் நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதவைத்தான் பார்த்தேன். இழுவையோடு கதைக்கிற ஒரு வயதான ஆள் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

மூன்று வாளி தண்ணீர்

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும்.

சண்டை முடிந்து முகாமில் இருந்து வெளியே விட்டபிறகு, வவுனியாவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா அடிக்கடி சந்தியில் இருந்த போன் கடைக்குப் போவார். லண்டனில் இருக்கிற மாமாவோடு கதைக்க. மாமா எங்களைக் கூப்பிடுவார், விமானத்தில் போவோம், அங்கே ஐஸ் கொட்டும் என்று எனக்குச் சொல்லித்தான் சோறு தீத்துவார்.

ஒருநாள் போன் கடையில் இருந்து வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. செருப்போடு நேரே கிணற்றடிக்குப் போனார். கட்டின சீலையோடு தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். மூன்று வாளி. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என்னையும் இழுத்து, சட்டையோடு நிற்கவைத்து என் தலையிலும் மூன்று வாளி ஊற்றினார்.

“என்னம்மா?”

“மாமா செத்திட்டார்.”

செத்த செய்தி கேட்டால் தலைமுழுக வேண்டும். அது எனக்குத் தெரியும். அந்த வயதிலேயே நிறையத் தரம் முழுகியிருக்கிறேன். அதனால் வேறு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குளிர்ந்தது, மூக்குக்குள் போனது. அம்மா அழவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். அப்பாவுக்கு அப்படி அழுத ஆள்.

பிறகு மாமாவின் பெயர் எங்கள் வீட்டில் வரவில்லை. எனக்குப் பதினைந்து வயதில் வேறு ஆட்களின் உதவியோடு லண்டன் வந்தோம். அம்மா ஆபீசுகள் துப்புரவாக்கினார். நான் ஒரு வருசம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்விட்டு சாண்ட்விச் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அம்மாவின் கிட்னி பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் மிஷினில் படுத்தார். அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நாலு மணித்தியாலம் சும்மா இருப்போம். எவ்வளவோ கதைத்தோம். இதைக் கதைக்கவில்லை.

நிலூவின் கார்

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கிழமை இருந்தது. அன்றைக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். நாங்கள் அதைக் கல்வெட்டு என்போம். தேவாரம், செத்தவரின் வாழ்க்கை, வம்சம், எல்லாம் அதில் வரும். கிங்ஸ்பரியில் அச்சடிக்கிற அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. அதுக்குள்ள மாமாவை எங்கை போடுறது எண்டு சொல்லிப்போடும். பிறகு ஏலாது. அச்சில ஏறினா ஏறினதுதான்.”

இணையத்தளத்தில் அழிக்கலாம். புத்தகத்தில் அழிக்க ஏலாது. மாமாவிடம் கேட்காமல் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்கு என்று ரத்தத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அவர்தான். அவர் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

நிலூ என் தொழிற்சாலைச் சிநேகிதி. லண்டனிலேயே, குட்மேய்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. நான் கேட்க முதலே அவளே சொன்னாள். “சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. நான் காரை ஓடுறன். நீ சாப்பிட மரக்கறி ரோலை மட்டும் கொண்டு வா.”

அவளுடைய அம்மாவுக்கு விருப்பமில்லை. செத்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாளும் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, மற்றவர்கள் வீட்டுக்குள் போகக்கூடாது. வாசலில் நின்று அன்ரி சொன்னார். “சுகி, குறை நினைக்காதையும். துடக்கோட போய் அவையின்ர வீட்டுக்குள்ள ஏறினா அவை என்ன நினைப்பினம்?”

“அம்மா, அவள் ஏற்கெனவே அவரைச் சாகடிச்சிட்டாள்” என்றாள் நிலூ. “இதுக்கு மேல என்ன நினைக்கிறது?”

அன்ரி அவளுடைய தோளில் அடித்தார். எனக்கு அம்மா செத்தபிறகு முதல்தரம் சிரிப்பு வந்தது. வந்த உடனே அழுகையும் வந்தது.

A12 ரோடு நெடுகப் போனோம். வைப்பருக்குள் ஒரு மஞ்சள் இலை அகப்பட்டு, அங்கேயும் இங்கேயும் தேய்ந்து கொண்டே வந்தது. செம்ஸ்ஃபோர்ட் தாண்டும்வரை மழை. பிறகு மழை இல்லை, வெயிலும் இல்லை. அறுவடை முடிந்த வயல்கள் மண்ணிறமாகப் புரட்டிக் கிடந்தன. எனக்கு மரங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எல்லாரும் அழகு அழகு என்று படம் எடுக்கிற நிறங்கள்தான். எனக்கு நோய்க்காரரின் தோல் மாதிரித் தெரிந்தது.

“சரி, பிளான் என்ன?” நிலூ கேட்டாள். “கதவைத் தட்டிட்டு என்ன சொல்லப்போறாய்?”

“நான்தான் பிழை விட்டனான் எண்டு சொல்லப்போறன். தலை விறைச்சுப்போய் மாறிச் சொல்லிட்டன் எண்டு.”

“அம்மா சொன்னது?”

“அதைச் சொல்லமாட்டன்.”

“ஏன்? அதுதானே உண்மை.”

“செத்த மனிசியை இனி ஒருத்தரும் ஏசக்கூடாது நிலூ. என்னை ஏசட்டும்.”

அவள் முன்னால் போன லொறியை முந்தினாள். “உனக்குப் பொய் சொல்ல வராது. சுப்பவைசரிட்டைச் சிக் எண்டு சொல்லவே மூண்டு தரம் ரிகர்சல் பாப்பாய்.”

“இப்பவும் பாப்பம்” என்றேன். இப்ஸ்விச் வரை ரிகர்சல் பார்த்தோம். அவள் மாமாவாக நடித்தாள். ஒவ்வொரு தரமும் நான் நடுவில் நின்றுவிட்டேன்.

ஒரே துடக்கு

ராணி மாமி எடுத்த நம்பரைப் போனில் தேடினபோது ஒரு கடையின் விலாசம் வந்திருந்தது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை. பேப்பர், பால், சிகரட், மீன்பிடிக்கிற தூண்டில் நூல். வெயில்காலத்துப் பிளாஸ்டிக் வாளிகளும் மண்வெட்டிகளும் விலை போகாமல் வாசலில் தொங்கின. கடைக்குப் பின்னாலேயே வீடு.

கல்லாவில் ராணி மாமி இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். யார் என்று கேட்கவில்லை.

“கொம்மான்ர முகம்தான்” என்றார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். “இஞ்சேரும்! உம்மடை செத்த வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம்!”

“மாமி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ...”

“மன்னிக்கிறதோ? பிள்ளை, கனடாவில இருந்து எனக்குப் போன் வந்தது தெரியுமோ? ‘ஐயோ ராணி, எங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டியே’ எண்டு அழுகினம். நான் நெத்தியில பொட்டோட நிண்டு, இல்லை அவர் ரொயிலட்டில இருக்கிறார் எண்டு சொல்லுறன். ஒருத்தி நம்பேல்லை. வீடியோவில காட்டச் சொன்னாள்.”

நிலூ சிரிப்பை அடக்க முடியாமல் தூண்டில் நூல்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

உள்கதவு திறந்தது. மெலிந்த, உயரமான ஆள். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை. நரைத்த தாடி. வளர்த்த தாடி இல்லை, வழிக்காமல் விட்ட தாடி. என்னைப் பார்த்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

“உள்ளை வா.”

“மாமா, எனக்குத் துடக்கு. நான் வெளியிலயே நிண்டு கதைக்கிறன்.”

“எனக்கும் அதே துடக்குத்தான்” என்றார். “உள்ளை வா.”

மாமி கல்லாவை மூடிக்கொண்டே முணுமுணுத்தார். “நோட்டீசு பாத்த நாளில இருந்து மீன் இறைச்சியும் இல்லை, சவரமும் இல்லை. செத்த ஆளுக்கு என்ன துடக்கு எண்டு கேட்டன்.”

குசினி மேசையில் இருந்தோம். தேத்தண்ணி வந்தது. நான் ரிகர்சல் பார்த்ததைச் சொன்னேன். போனில் கேட்டார்கள் மாமா, அப்பாவின்ர பேர், அம்மப்பாவின்ர பேர் எல்லாம் வந்த நேரம், நான் தலை விறைச்சுப்போய் உங்கட பேரையும் மாறிச் சொல்லிட்டன், அம்மாவுக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை. கடைசி வசனத்தை நிலூ சொல்லவேண்டாம் என்று சொன்னவள். நான் சொல்லிவிட்டேன்.

மாமா தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர் கொள்ளி வைச்சது?”

“நான்தான் மாமா. இஞ்சை பட்டன்தானே. ஐயர் அமத்தச் சொன்னார், அமத்தினன்.”

“தனியவோ?”

“ஓம்.”

அவர் எழும்பிப்போய் ஜன்னலடியில் நின்றார். வெளியே பின்வளவில் ஒரு உடுப்புக் காயப்போடும் கம்பியும் ஈரச் சுவரும்தான் இருந்தன. அவருடைய முதுகு ஆடியது. மாமி எனக்குக் கையால் சைகை காட்டினார், பேசாமல் இரு என்று.

மாமா சொன்னது

திரும்பி வந்து இருந்து சொன்னார். நான் அப்படியே எழுதுகிறேன்.

“நோட்டீசைப் பாத்த உடனை எனக்கு விளங்கிட்டுது பிள்ளை. அது உன்ர பிழையில்லை. கொம்மான்ர, மலரின்ர சொல்லு. அண்டைக்கு அவள் போன் எடுத்தாள். பிள்ளையை மட்டுமாவது கூப்பிடு அண்ணை எண்டாள். எனக்கு அப்ப அகதிக் கேஸ் ரிஜெக்ட். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல ஒளிச்சிருந்து கோப்பை கழுவுறன். கையில ஒண்டும் இல்லை எண்டு தங்கச்சிக்குச் சொல்ல வெக்கம். இப்ப ஏலாது, சும்மா சும்மா எடுக்காதை எண்டு சொல்லிட்டன். நல்லா ஏசிப்போட்டன். அதுக்குப் பிறகு அவள் எடுத்த நேரம் நான் தூக்கேல்லை. விசா கிடைச்சு நான் எடுத்த நேரம் அவள் தூக்கேல்லை.”

“நீங்கள் லண்டன் வந்தது இவருக்குத் தெரியும்” என்றார் மாமி. “ரெண்டு தரம் வால்தம்ஸ்டோவுக்கு வந்து, உங்கட கதவடி வரைக்கும் போய்த் திரும்பினவர். நான் காருக்குள்ள இருந்தனான். போய்த் தட்டுங்கோ எண்டன். அவள் என்னைத் தலைமுழுகிட்டாள் எண்டார்.”

அப்போது மூன்று வாளி தண்ணீரை நான் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்று நினைத்து வந்தவள். நிலூ சொன்னது சரி, எனக்குப் பொய் நிற்காது.

மாமா கேட்டார். “அண்டைக்கு அழுதவளோ?”

“இல்லை மாமா.”

தலையை ஆட்டினார். அந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்த மாதிரி.

நான் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். நாலு மணிக்குள் சொல்ல வேண்டும், உங்களை இருக்கிறவர்களோடு போடட்டோ என்று.

“போடாதை” என்றார். “முதல் போட்டமாதிரியே போடு. காலஞ்சென்றவர். அவள் சாகுமட்டும் அப்பிடித்தான் வைச்சிருந்தவள். அது அவளின்ர புத்தகம். செத்தபிறகு அவளின்ர சொல்லை மாத்தக்கூடாது.”

“மாமா...”

“எனக்கு அதில குறையில்லை. குறையெண்டா அண்டைக்கே போனைத் தூக்கியிருக்கவேணும்.”

முப்பத்தொன்றுக்கு வருவீர்களா என்று கேட்டேன். மாமா எழும்பித் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். மாமி ஒரு பையில் பழமும் பிஸ்கட்டும் போட்டுத் தந்தார். வாசலில் மாமா என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. எடுக்க மறந்த மாதிரிக் கனநேரம் வைத்திருந்தார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அது யாருடைய துக்க வீடு என்று தெரியாமல் நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன்.

நாலு மணி

நிலூ காரைக் கடற்கரையில் கொண்டுபோய் நிப்பாட்டினாள். சாம்பல் நிறக் கடல். ஒரு கிழவனும் நாயும் தவிர யாரும் இல்லை. கண்ணாடியில் உப்புக்காற்று படிந்தது. கொண்டுவந்த மரக்கறி ரோல் குளிர்ந்து கல்லாகிக் கிடந்தது. அவள் ஒன்றைச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

“என்ன செய்யப்போறாய்?” என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அம்மா சொன்னதும் மாமா சொன்னதும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே பிடிவாதம். இத்தனை வருசத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் இதுதான். அதைக் குழப்ப நான் யார் என்றும் இருந்தது. என் தலையில் அந்தக் கைச்சூடும் இன்னும் இருந்தது.

கிங்ஸ்பரி அண்ணை சரியாக நாலு மணிக்கு எடுத்தார். பின்னால் மிஷின் சத்தம்.

“பிள்ளை, ஏத்தப்போறன். அம்மான்ர அண்ணனுக்கு என்ன முடிவு? காலஞ்சென்றவரோ, இருக்கிறவரோ?”

நிலூ ரோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இருக்கிறார் அண்ணை.”

“அப்ப பேருக்குப் பக்கத்தில நாடு போடவேணும். எல்லாருக்கும் போட்டிருக்கு. எங்கை இருக்கிறார்?”

“லோஸ்டோஃப்ட்.”

“அது எந்த நாடு பிள்ளை?”

“இந்த நாடுதான் அண்ணை” என்றேன். “எங்கட வீட்டில இருந்து மூண்டு மணித்தியாலம்.”